தெயோபிலோ மாட்டிய பிரேக் சுவிட்ச்

லீமா நகரச் சாலையில், கிழவர் தெயோபிலோவின் பழைய வேனைப் பின்னாலிருந்து இடித்துவிட்டான் லாரிக்காரன் வில்மெர்.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று பாய்ந்தார் கிழவர்.

"உன் பிரேக் லைட்டே எரியல பெருசு!"

"வாய மூடுடா! மெக்கானிக் திருடனுங்கள நம்பாம, நேத்து நானே புது சுவிட்ச் மாட்டினேன். மிதிக்கிறப்பல்லாம் எரியுது. ரெண்டு கண்ணாலயும் பாக்கிறேன்!"

"யார் தப்போ அவங்க லைசென்ஸ் போகும். வேன்ல ஏறி பிரேக்க மிதிங்கய்யா," என்றாள் சத்தம் கேட்டு வந்த போலீஸ்காரி.

கிழவர் ஆத்திரத்தோடு மிதித்தார். "பாருடா, எரியுது!"

பின்விளக்கு எரியவில்லை. போலீஸ்காரி முன்பக்கம் வந்து எட்டிப் பார்த்தாள். ஸ்டியரிங்குக்கு மேலே புனித ரோசா சிலை. அதன் தலைக்குப் பின்னால் சிவப்பு பல்பு ஜெகஜோதியாக எரிந்தது. பின்விளக்குக்குப் போகவேண்டிய வயரைக் கிழவர் அங்கே கொடுத்திருந்தார்.

போலீஸ்காரி பக்தியோடு சிலுவை போட்டுக்கொண்டு, "லைசென்ஸ்," என்று கிழவரிடம் கையை நீட்டினாள்.