முன்வரிசை நாற்காலி

அந்நிய பாஷை கிளம்பிவிட்டது. முன்வரிசை நாற்காலியில் இருந்த ஜேம்ஸ் மெல்லத் திரும்பி வாசலைப் பார்த்தார். வாசலுக்கும் அவருக்கும் நடுவே எண்பது பேர் முழங்காலில் இருந்தார்கள்.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் டயர் கடைக்கு மேல் மாடியில் நடக்கும் சின்னச் சபை அது. யாராவது ஆவியில் நிறைந்து புரியாத பாஷை பேசினால், அதன் பொருளை ஒருவர் எழுந்து தமிழில் சொல்லியாக வேண்டும் என்பதில் பாஸ்டர் கண்டிப்பானவர். அந்த வரம் சபையிலேயே ஜேம்ஸ் ஒருவருக்குத்தான் இருந்தது.

இருந்தது என்று எல்லோரும் நம்பினார்கள். இல்லை என்பது ஜேம்ஸுக்கு மட்டும் தெரியும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விதவை பாஷை பேசி முடித்தபோது பொருள் சொல்ல ஆளில்லை. அவள் தலைகுனிந்து நின்றதைப் பார்க்கப் பொறுக்காமல், பயப்படாதே, காத்திரு என்று கர்த்தர் சொல்வதாக ஜேம்ஸ் சொல்லிவைத்தார். அன்றைக்கே முன்வரிசையில் நாற்காலி போட்டுவிட்டார்கள். அதிலிருந்து எழுந்திருக்க அவருக்கு வழியில்லாமல் போனது. எந்தப் பாஷை வந்தாலும் அதே சரக்கைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்.

போன வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்திலும் 'காத்திரு' என்றுதான் சொன்னார். அதைச் சாராள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அன்று காலையில்தான் அவளுடைய ஒன்பது வயது மகள் எஸ்லினுக்கு வயிற்றுவலி தொடங்கியிருந்தது. இன்று ஞாயிறு. பிள்ளை மேடைக்குக் கீழே பாயில் சுருண்டு கிடந்தது. உடம்பு கொதித்தது, முனகக்கூடத் தெம்பில்லை.

ஆராதனைக்கு முன்னால் பாஸ்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி ஜேம்ஸும் கெஞ்சினார். சாராள் அசையவில்லை.

"இது நீங்க சொல்றதுங்கண்ணா. வெள்ளிக்கிழம சொன்னது கர்த்தர்."

அதையும் நான்தான் சொன்னேன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. எட்டு வருஷ மரியாதை தடுத்துவிட்டது. ஒரு பிள்ளையின் உயிரைவிட நாற்காலி பெரிதாகிவிட்டதே என்று அவருக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது.

இப்போது கடைசி வரிசையில் பாஷை. கம்பெனி விடுதியிலிருந்து வரும் நாலு பெண்களில் ஒருத்தி, எஸ்லினைப் பார்த்துக் கைகளை உயர்த்திக் கதறிக்கொண்டிருந்தாள். அது தமிழோ கன்னடமோ தெலுங்கோ இல்லை. தான் சூப்பர்வைசராக இருக்கும் கம்பெனியில் பாதிப் பேரிடம் ஜேம்ஸ் இந்தியில்தான் வேலை வாங்குகிறார். இது இந்தியும் இல்லை. சபை கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தது. அவளுடைய தோழிகள் மூன்று பேர் மட்டும் கண்ணைத் திறந்தபடி, அவள் நிறுத்திய இடத்திலெல்லாம் தலையாட்டி அழுதார்கள்.

அவள் ஓய்ந்தாள். கீழே கடையில் டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஜேம்ஸ் பிரதர்," என்றார் பாஸ்டர்.

சாராள் முகத்தைத் தூக்கி அவரையே பார்த்தாள். ஜேம்ஸ் எழுந்தார். இன்னும் ஒரே ஒரு பொய், இதுவே கடைசி என்று முடிவு செய்துகொண்டார்.

"மகளே, இனிக் காத்திருக்காதே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இப்பொழுதே ஆஸ்பத்திரிக்குப் போ."

அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"உன்னைப்போல ஒருத்தி தன் மகனை மடியில் போட்டுக்கொண்டு மூன்று நாள் காத்திருந்தாள். அவனை மண்ணுக்குக் கொடுத்தாள். நீ கொடுக்க வேண்டாம்."

இந்த மகன் கதை எங்கிருந்து வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. பொய் சொல்லிப் பழகிய வாய், தானாகவே ஜோடிக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சாராள் அதற்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். பாஷை பேசிய பெண்ணும் பின்னாலேயே ஓடி, ஆட்டோவில் எஸ்லினின் கால்களை மடியில் வாங்கிக்கொண்டாள்.

குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்ததாம். ஆபரேஷன் முடிந்து, பிள்ளை பிழைத்துக்கொண்டது என்று டாக்டர் சொன்னபோது மணி மூன்று. சாராள், பாஸ்டரோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த ஜேம்ஸின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பாஸ்டரை வராந்தாவின் ஓரத்துக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"எனக்கு அந்த வரமே கெடையாதுங்க பாஸ்டர். எட்டு வருஷமா நானாத்தான் சொல்லிட்டு இருந்தேன்."

பாஸ்டரின் முகம் இறுகியது.

"இன்னிக்குச் சொன்னது?"

"அதுவுந்தானுங்க. அந்தப் பொண்ணு பேசுனதுல ஒரு வார்த்தகூட எனக்குப் புரியல."

அடுத்த ஞாயிறு சபையார் முன்னால் நின்று இதைச் சொல்ல வேண்டும் என்றார் பாஸ்டர். ஜேம்ஸ் தலையாட்டினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் அப்போதுதான் எழுந்து அவர்களிடம் வந்தாள். ஜார்க்கண்டிலிருந்து வந்த இரண்டு வருஷத்தில் ஓசூரில் பொறுக்கிய தமிழில், தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"அண்ணா, என் தம்பி இதே மாதிரி வயிறு வலிச்சு செத்துப் போச்சு. அம்மா மூணு நாள் மடியில வெச்சிருந்துச்சு. அத தமிழ்ல சொல்ல எனக்கு வரல, அதான் எங்க பாஷையில அழுதேன்."

ஜேம்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க ஊர் பாஷை உங்களுக்கு எப்படிண்ணா தெரியும்?"