நாக்பூரில் ஒரு வேளைச் சோறு

மருந்துக்குப் பெயர் பதிந்த ஊரைவிட்டு வெளியே கிளம்பினால் மூன்று நாளைக்கான இன்சுலின்தான் கொடுப்பார்கள். வழியில் எங்கேயும் வாங்க முடியாது. பிலோமினா தூத்துக்குடியில் பதிந்தவள். மகள் அனிட்டா வேலைக்குப் போய் கௌஹாத்தியில் பதிந்துவிட்டாள். இருவருக்குமே சர்க்கரை. ஒருத்தி மற்றவள் வீடுவரை போனால் திரும்பிவர மருந்து இருக்காது. அதனால் ஆறு வருடம் கழித்து, பாதி வழியில், நாக்பூர் ஸ்டேஷனில் சந்தித்தார்கள்.

பிலோமினா மகளின் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சுண்டவைத்துக் கொண்டுவந்த சூரைமீன் குழம்பைத் திறந்தாள். சோறு ஸ்டேஷனில் வாங்கியது.

"அம்மா, மருந்து போகவரவே சரியா இருக்கும். இந்தச் சாப்பாட்டுக்கு ஊசி ஏது?"

"நேத்து ராத்திரி நான் சாப்பிடல. அந்த ஊசி மிச்சம் இருக்கு. உங்கூட ஒரு வேளை சாப்பிடணும்னு வச்சிருக்கேன்."

அனிட்டா தன் பையிலிருந்து ஊசியை எடுத்தாள். "நானும் காலைல சாப்பிடலம்மா," என்றாள்.

இருவரும் ஊசி போட்டுக்கொண்டு, அது தாங்கும் அளவு சோறு மட்டும் போட்டு, பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அனிட்டா தட்டை விரலால் வழித்தாள். பழக்கத்தில் பிலோமினா கரண்டியை எடுத்துவிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா, மக்கா?"

"வேண்டாம்மா. வயிறு நெறஞ்சிட்டு," என்றாள் அனிட்டா, குழம்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிலோமினா மறுபடி கேட்கவில்லை. மூடியைப் போட்டு அழுத்தினாள்.