இரட்டை விசில்

“ஒத்தைக் கட்டை சார் அந்த ஆளு! அவருக்கு எதுக்கு தினமும் விடியறதுக்குள்ள மோட்டார்? ஊரே நாக்கு வறண்டு கிடக்கு, அங்கே மட்டும் ஆறு ஓடுது.”

நகராட்சிக்கு அவள் போன் போட்டது முதல் தடவையல்ல. இந்தத் தடவை ஆட்களே வந்துவிட்டார்கள். குடிநீர் இன்ஸ்பெக்டரும், பின்னால் ஸ்பானரோடு ஒரு ஊழியரும்.

பக்கத்து வீட்டு டிரைவரோடு அவளுக்குப் பேச்சு அறுந்து வெகு காலம். அவள் கணவர் அந்த டிரைவர் ஓட்டிய பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஒரு கடைசி டிரிப்பில், காலி பஸ்ஸின் பின் சீட்டில் பக்கவாதம் வந்து சரிந்துவிட்டார். டிரைவரோ ஸ்டாப்பில் வண்டியை நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ‘போகலாம்’ என்கிற இரட்டை விசிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

“கணக்குப் பார்க்கிறான் போலன்னு நினைச்சுட்டேன், அண்ணி...” என்று ஆஸ்பத்திரியில் அழுதார்.

“இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தா...” என்று டாக்டர் இழுத்தது போதும். அவள் அந்த மனிதரை அன்றோடு தலைமுழுகிவிட்டாள்.

கணவருக்குப் பேச்சும் வலப்பக்கமும் போயின. இப்போது அவருடைய பேச்செல்லாம் அந்தப் பழைய விசில்தான். தாகமா, விசில். புரட்டிப் படுக்க வைக்க வேண்டுமா, விசில். ஒன்றா இரண்டா என்று எண்ணுவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

விடியலில் மட்டும் ஒரு வேடிக்கை. விசில் அடிப்பார். அவள் அடித்துப் பிடித்து ஓடிவந்து “என்னங்க?” என்றால் ஒன்றுமில்லை என்று தலையாட்டுவார். சற்று நேரம் கழித்து மறுபடி விசில். இடையில் பக்கத்து வீட்டு மோட்டார் உறுமிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம்தான் நோயாளியைப் பாடாய்ப் படுத்துகிறது என்று அவளுக்கு நிச்சயம்.

இன்ஸ்பெக்டர் மீட்டரைக் குனிந்து பார்த்தார்.

“பஞ்ச காலத்துல தலைக்கு இவ்வளவுதான்னு உத்தரவு. நீங்க ஒரே ஆளு. மூணு பேர் தண்ணி ஓடியிருக்கே?”

டிரைவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். “செலவாயிடுச்சு சார்.”

“யாருக்காவது விட்டீங்களா? குடுத்த வீடு, வாங்கின வீடு, ரெண்டு இணைப்பையும் துண்டிச்சிடுவோம். தெரியுமில்ல?”

“ஐயோ, இல்ல சார்! யாருக்கும் குடுக்கல. நான்தான்... குளிச்சேன்.”

“குளிச்சாராம்!” தன் வாசலிலிருந்தே அவள் வெடித்தாள். “எங்க வீட்டுல படுக்கையில ஆளை வச்சுக்கிட்டு, தினமும் உடம்பு துடைச்சு, துணி அலசி நான் சமாளிக்கலையா? என் டேங்க் ஒரு நாளாவது காஞ்சிருக்கா? சிக்கனம் வேணும் சார், சிக்கனம்! மனசாட்சி உள்ளவங்களுக்குத்தான் அது வரும்.”

டிரைவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“சார், நாளைக்கு ஒரு நாள் மட்டும் விட்டுடுங்க. அப்புறம் துண்டிச்சுக்கோங்க.”

“ஆசையைப் பாரு!” என்றாள் அவள்.

ஊழியர் ஸ்பானரைத் திருகினார். குழாயை மூடி, சீல் வைத்துவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் தெருவில் நாலு பேர் அவளைப் பாராட்டினார்கள். அவளுக்கும் மனசு குளிர்ந்துதான் இருந்தது.

மறுநாள் விடியல். கணவர் விசில் அடித்தார்.

“அதான் மோட்டார் சத்தமே இல்லையே! நிம்மதியா தூங்குங்க.”

மறுபடி விசில். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு உடம்பு துடைக்க வாளியைக் குழாயடியில் வைத்துத் திருகினாள். குழாய் இரண்டு தடவை இருமியது. நாலு சொட்டு விட்டது. அவ்வளவுதான்.

படுக்கைப் புண் இப்போதுதான் ஆறி வருகிறது. ‘ஒரு நாள் சுத்தம் தப்பினாலும் திரும்ப வந்துடும்’ என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மூட்டு வலிக்குப் பயந்து அவள் மொட்டை மாடிப் பக்கமே போனதில்லை. இன்று வேறு வழியில்லை. முனகிக்கொண்டே இரும்பு ஏணியில் ஏறினாள்.

டேங்க் காலி. மூடியின் இடுக்கில் ஒரு ரப்பர் குழாய் நுழைந்திருந்தது. நழுவாமலிருக்கக் காக்கித் துணிக் கிழிசலால் கட்டியிருந்தது. குழாய் மாடியைக் கடந்து, சுவர் தாண்டி, பக்கத்து வீட்டு மோட்டாரில் போய் முடிந்தது.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கீழிருந்து விசில் வந்தது. இந்தத் தடவை எண்ணினாள். இரண்டு.

இரட்டை விசில் என்றால் ‘போகலாம்’, மோட்டாரைப் போடு. டேங்க் நிரம்பி, வழியும் குழாய் கணவரின் ஜன்னலோரம் சொட்டத் தொடங்கினால் ஒற்றை விசில், ‘நிறுத்து’. ஒரு சொட்டு வீணாகாமல் இரண்டு பேரும் தினமும் வண்டி ஓட்டியிருக்கிறார்கள். நடுவில் இவள், சிக்கனக்காரி!

நகராட்சியில் போய் உண்மையைச் சொல்லவும் வழியில்லை. சொன்னால், என்றோ ஒரு நாள் நூலாகச் சொட்டுகிற இவள் வீட்டு இணைப்பும் போய்விடும்.

எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு முற்றத்தில், செத்துக் கிடந்த மோட்டாருக்குப் பக்கத்தில், காலிக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார் டிரைவர். எங்காவது தண்ணீர் தேடப் புறப்பட்டவர் விசில் கேட்டு நின்றிருக்க வேண்டும்.

நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“இறங்கறப்ப பாத்து அண்ணி... அந்த ஏணி மூணாவது படியில ஆடும்.”

கீழே மறுபடியும் இரட்டை விசில்.

அன்றைக்கு விசில் வராததால் வண்டி நின்றது. இன்றைக்கு விசில் வந்துகொண்டே இருந்தது. நிறுத்தியது அவள்.