பிஸ்டன் திருடன்

யோன்கோ பட்டறைக்குள் நுழைந்தபோது வெலிச்கோ தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, திங்கக்கிழமை நீ குடுத்துட்டுப் போன பிஸ்டன் நாலையும் காணோம்டா. பெட்டி இருக்கு, உள்ள ஒண்ணுமில்ல."

யோன்கோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரோஜா பறிப்பு தொடங்க இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. பூ ஏற்ற வேண்டிய வேனின் டர்போ டீசல் இன்ஜினோ இங்கே பிரித்துக் கிடந்தது. தேய்ந்துபோன சிலிண்டர்களை அரை மில்லிமீட்டர் கடைந்து பெரிதாக்கி, அதே அளவுக்குப் பெரிய புது பிஸ்டன் போடுவதாக ஏற்பாடு.

வெலிச்கோ அவனைவிட நொந்து போயிருந்தார். கசன்லாக் வட்டாரத்தில் சிலிண்டர் கடைவதற்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. முப்பது வருஷத்தில் ஒரு புகார் வந்ததில்லை. அந்தப் பெயர்தான் அவருடைய சொத்து.

எண்ணெய்த் துணி மூடியிருந்த, சிலிண்டர்கள் உள்ள இன்ஜின் பிளாக் பக்கம் யோன்கோ கை நீட்டினான்.

"தொடாதே! உள்ள தூசி போயிடும்" என்று அதட்டினார்.

யோன்கோ கூப்பிட்டு, போலீஸ்காரர் ஸ்டாமென் வந்தார். விவரம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எடுத்தவன் அதை வறுத்தா தின்னப் போறான்? சிலிண்டரைக் கடைஞ்சாத்தான் அது பொருந்தும். பிஸ்டனைக் கையில வெச்சு அளந்து பாக்காம நீங்க சிலிண்டரைத் தொட மாட்டீங்க. அப்ப அவன் பிளாக்கையும் பிஸ்டனையும் தூக்கிக்கிட்டு உங்ககிட்டதானே வந்தாகணும்? நான் இங்கயே உக்காந்துக்கறேன்."

"உனக்கு எதுக்குப்பா சிரமம்?" என்றார் வெலிச்கோ, வாங்கி ஒரு நாளே ஆன மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

ஸ்டாமென் கேட்கவில்லை. மே மாதம் என்பதால் அணைந்து கிடந்த கணப்படுப்பின் மேல் காலை நீட்டி, இரண்டு நாள் வெலிச்கோவின் காபியைக் காலி செய்தார். அவர் கால் மாற்றிப் போடும்போதெல்லாம் வெலிச்கோவுக்கு வியர்த்தது. பாவம், களவு போன கவலை.

வெள்ளிக்கிழமை காலை கென்ச்சோ வந்தான். யோன்கோவோடு வரப்புத் தகராறு உள்ளவன். அதே மாடல் வேன் வைத்திருப்பவன். கையில் கனமான ஒரு மூட்டை.

"மாட்டினியாடா!" என்று யோன்கோ பாய்ந்து மூட்டையைப் பிரித்தான். உள்ளே செம்பு மூடி ஒன்று இருந்தது.

"ராக்கியா சாராயம் காய்ச்சற அண்டா மூடிடா, மடையா! ஓட்டை விழுந்திருச்சுன்னு பத்த வைக்கக் கொண்டாந்தேன். இதுல என்னத்தத் தேடுற?"

லைசென்ஸ் இல்லாத அந்த அண்டாவின் சரக்கைப் போன வருஷம் ருசித்திருந்த ஸ்டாமென், மூடியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

வெலிச்கோ எழுந்தார்.

"போதும்ப்பா. யாரையும் சந்தேகப்பட வேணாம். என் பட்டறையில தொலைஞ்சது, என் பொறுப்பு. ப்ளோவ்திவ் கடையில அரை மில்லி செட் தீந்துபோச்சாம். முக்கால் மில்லிதான் இருக்கு. என் செலவுல சொல்லிட்டேன், நாளைக்கு பஸ்ல வருது."

"முக்காலா? சிலிண்டர் சுவர் மெலிஞ்சு வெடிச்சிடாதா அண்ணே?"

"கனம் அளந்து பாத்துட்டேன். முக்கால் வரைக்கும் பயமில்ல, அதுக்கு மேலதான் ஆபத்து."

யோன்கோ நெகிழ்ந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டான். "திருடன் செஞ்ச பாவத்துக்கு நீங்க தண்டம் கட்டறீங்களே அண்ணே!" கென்ச்சோகூடத் தொப்பியைக் கழற்றினான்.

எல்லோரும் போனதும் வெலிச்கோ கதவைத் தாழிட்டார். கணப்படுப்பைத் திறந்து, கந்தலில் சுற்றியிருந்த நான்கு பிஸ்டன்களையும் எடுத்தார். பிளாக்கின் மேலிருந்த துணியை விலக்கி, ஒரு பிஸ்டனை மெதுவாக உள்ளே இறக்கிப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை பழைய கண்ணாடியோடு அளவைத் தப்பாகப் பார்த்து அவரே முக்கால் மில்லிக்குக் கடைந்து வைத்திருந்த சிலிண்டருக்குள், அந்த அரை மில்லி பிஸ்டன் கடகடவென்று ஆடியது.