விரல் நுனி அளவு

"பெருசு வேண்டாம்ணே. அந்த ஓரத்துல விரல் நுனி அளவுல ஒண்ணு இருக்கே, அது போதும்."

கடைக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அந்தப் பெண் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவாள். கையில் மூடி போட்ட வாளி. உள்ளே உப்புத் தண்ணீரில், பச்சைப் பசேலென்று கிளைவிட்ட உயிருள்ள பவளம். அதைக் கொடுத்துவிட்டு, அதே இனத்தில் ஒரு சின்னத் துண்டை வாங்கிக்கொண்டு போவாள். பேரம் கிடையாது, பேச்சும் கிடையாது.

கடல்மீன் தொட்டி வளர்ப்பவர்களிடம் பவளத்துக்கு அளவை வைத்துத்தான் மரியாதை. விரல் நுனி அளவு என்றால் ஃப்ராக். மூன்று இன்ச் தாண்டினால் மினி காலனி. உள்ளங்கையை மறைத்தால் காலனி. இதில் எவனும் எவனையும் நம்புவதில்லை. விற்பவன் வாயில் காலனியாக இருப்பது, வாங்கியவன் வீட்டுக்குப் போனதும் ஃப்ராக் ஆகிவிடும். மினி காலனியைக் கொடுத்து ஃப்ராக்கை வாங்கிப் போகிற ஆளைக் கடைக்காரர் தன் ஆயுளில் இவளைத் தவிரப் பார்த்ததில்லை.

அவள் கொடுப்பதை ஏழெட்டாக வெட்டி விற்பார். அதில் ஒன்றை எடுத்து வைத்திருந்து, அடுத்த முறை அவள் தலையிலேயே கட்டுவார். போன கோடையில் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம் கெட்டுப்போய், தொட்டியில் இருந்ததெல்லாம் வெளுத்துச் செத்துவிட்டது. அதற்குப் பிறகு உருப்படியாக விற்க இருந்தது இந்தப் பச்சை ஒன்றுதான். அவளுக்கு அளவுக் கணக்கு புரிந்துவிட்டால் கடைக்குப் பூட்டுப் போட வேண்டியதுதான். செய்வது தப்பு என்று மனசு அரித்துக்கொண்டேதான் இருந்தது. அது பாட்டுக்கு அரித்தது, இவர் பாட்டுக்கு வெட்டினார்.

இன்றைக்குப் பார்த்துப் பல் டாக்டர் கடையில் நின்றுகொண்டிருந்தார். சனிக்கிழமை தவறாமல் வருவார், தொட்டி தொட்டியாகப் பார்ப்பார், வாங்க மாட்டார். இப்போது வாளிப் பக்கம் நகர்ந்து வந்தார்.

"ஒரு நிமிஷம்மா," என்றவர் சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வாளிக்குள் விட்டார். "மூணே முக்கால் இன்ச். மினி காலனி. இதைக் குடுத்துட்டா அந்த ஃப்ராக்கை வாங்கறீங்க? அது ஒரு இன்ச்கூடத் தேறாதே."

"தெரியும் சார்."

கடைக்காரர் முந்திக்கொண்டார். "நானே சொல்லணும்னுதான் இருந்தேன்மா," என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னார். "இதை நீங்களே திருப்பி எடுத்துட்டுப் போங்க. இல்லேன்னா ஃப்ராக்காவே ஆறு தர்றேன்."

"ஆறு எதுக்குண்ணே? ரெண்டு இருந்தாலே வம்பு. ஒண்ணு போதும். சீக்கிரம் குடுங்க, அவர் மத்தியானத் தூக்கம் முடிஞ்சு எந்திரிக்கறதுக்குள்ள தொட்டியில வச்சாகணும்."

டாக்டர் கண்ணைச் சுருக்கினார். "அவர்னா?"

"எங்க வீட்டுக்காரர். தொட்டியெல்லாம் அவர்தான் பார்த்துக்கறார். காலையில எந்திரிச்சதும் அது முன்னாடிதான் போய் நிப்பார். மீனைத் தவிர, உள்ள இருக்கறது இது ஒண்ணே ஒண்ணுதான்."

"நீங்க இப்படி மாத்தறது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் கூடாது."

கடைக்காரருக்கு இப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளாக அவர் வெட்டி விற்றது ஏமாளி ஒருத்தியின் பொருளை இல்லை, விவரம் தெரியாத ஒரு மனிதனின் உழைப்பை. கையில் எடுத்த ஃப்ராக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

டாக்டருக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவர் வீட்டுத் தொட்டியில் இரண்டு வருடமாக எதுவும் வளரவில்லை.

"ஒரு இன்ச் வளர்க்கறதுக்கு நாங்க என்ன பாடு படறோம்னு உங்களுக்குத் தெரியுமாம்மா? புருஷன் மேல கோவம் இருந்தா அவர்கிட்ட காட்டுங்க. அவர் கண்ணுல வச்சு வளர்க்கறதை இப்படித் திருட்டுத்தனமாக் கொண்டுவந்து தள்ளாதீங்க. நம்பர் குடுங்க, நானே அவர்கிட்ட சொல்றேன்."

"வேண்டாம் சார்." வாளியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். "சொன்னாலும் நாளைக்கு அவருக்கு ஞாபகம் இருக்காது."

"ஏன்?"

"ஒன்றரை வருஷம் முன்னாடி கார் கவுந்து தலையில அடி. அதுக்கு முந்தின நாள், எங்க பாப்பா ஆசைப்பட்டான்னு அவரும் அவளுமாப் போய் இதை வாங்கிட்டு வந்தாங்க. அதுவரைக்கும்தான் அவருக்கு ஞாபகம். அப்புறம் நடக்கற எதுவும் மனசுல தங்கறதில்ல. இது ஃப்ராக்கா இருக்கற வரைக்கும் நல்லாத்தான் இருப்பார். நேத்துதானே வாங்கினோம், பாப்பா ஸ்கூல் விட்டு வரட்டும்னு வாசலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பார்."

வாளியிலிருந்ததைக் கடைத் தொட்டியில் இறக்கிவிட்டு, கடைக்காரர் கையிலிருந்த துண்டை அவளே வாங்கி வாளித் தண்ணீருக்குள் வைத்தாள்.

"பெருசாயிட்டா எத்தனை மாசமாச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சுபோயிடுது. பாப்பா எங்கேன்னு கேக்கறார். அவளும் அந்தக் கார்ல இருந்தான்னு நான் சொல்ற ஒவ்வொரு தடவையும், இப்பத்தான் முதல் முதலாக் கேக்கற மாதிரி அழறார்ணே."