வெடிக்காரர், பதினாலாம் வீடு

இரண்டு தோளும் வலியில் தெறித்தன. காலையில் சிமென்ட் மூட்டை இறக்கிய கையோடு பஸ் ஏறியவன், கல்குவாரி லைனில் பதினாலாம் வீட்டுக் கதவைத் தட்டும் முன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். போஸ்ட் கார்டு உள்ளேதான் இருந்தது.

தாய் முகம் அறியாத அவனை ஒற்றை ஆளாக வளர்த்த அப்பா, போன மாதம் செத்துப்போனார். அவருடைய தகரப் பெட்டியின் அடியில் கிடைத்த கார்டு அது. விலாசத்தில் 'வெடிக்காரர், பதினாலாம் வீடு, கல்குவாரி லைன்' என்று இருந்தது. அந்த லைனில் பேர் போட்டு யாருக்கும் தபால் வராது. செய்கிற வேலைதான் பேர். அப்பா குவாரியில் இருந்தவர் என்பது தெரியும். பாறைக்கு வெடி வைத்தவர் என்பது அவனுக்குப் புதுச் செய்தி.

பின்பக்கம், அவனுக்குப் பழக்கமில்லாத கையெழுத்தில் மூன்றே வரி. 'உன்னால் செத்தவனுடைய பிள்ளை உயிரோடு இருக்கிறான். ஆளாகிவிட்டான். ஒருநாள் அவனுக்கு நீ பதில் சொல்ல வேண்டிவரும்.'

"எறும்பை மிதிச்சாலே ரெண்டு நாள் புலம்புற மனுஷன், ஆளைக் கொன்னாராமா?" என்றாள் மனைவி. கார்டைத் திருப்பிப் பார்த்தாள். "எவ்வளவு பத்திரமா வச்சிருக்காரு பாருங்க. தபால்தலை மேல ஒரு பொட்டு மை இல்ல."

அன்றோடு போயிற்று அவன் தூக்கம். தெருவில் எவன் முறைத்தாலும் அந்தப் பிள்ளையோ என்று ஒதுங்கிப் போனான். பள்ளிக்கூடம் போன மகள் கால்மணி நேரம் பிந்தினால் தெருமுனைக்கு ஓடினான். அந்தப் பிள்ளை தேடி வருவதற்குள், கார்டில் இருந்த வீட்டில் விசாரித்து நாமே போய்க் காலில் விழுந்துவிடலாம் என்று கிளம்பிவிட்டான்.

கதவு திறந்தது. கடப்பாரையை ஊன்றிக்கொண்டு ஒரு கிழவர் நின்றார்.

"யாருப்பா?"

"ஐயா, இந்த வீட்டுல முன்னால இருந்த வெடிக்காரரோட மகன் நான். அப்பா போயிட்டாரு. அவரு வெடியில செத்தவரோட பிள்ளை எங்கன்னு சொல்லுங்க, என்னை என்ன வேணா பண்ணட்டும். என் புள்ளைய மட்டும் விட்டுடச் சொல்லுங்க."

கிழவர் கார்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். உதடு அசைய ஒருமுறை படித்தார். திருப்பி, விலாசத்தையும் தபால்தலையையும் பார்த்தார்.

"உங்கப்பா இடது காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடப்பாரா?"

"ஆமாங்க."

"அவரு கல்லு சுமந்தவருப்பா. இந்த வீடும் வெடி வேலையும் ஆரம்பத்துலேருந்து என்னோடதுதான். எனக்கு எழுதிட்டு, போடாம விட்டுட்டாரு."

"அப்ப... அந்தப் பிள்ளை?"

கிழவர் ஓரடி பின்வாங்கினார். கடப்பாரை நழுவி விழுந்தது. அதை எடுக்கக் குனியாமல், மூட்டை தூக்கிக் காய்த்துப்போன அவனுடைய கைகளையே பார்த்தார்.

"ஆளுங்க ஒதுங்குமுன்னே அவசரப்பட்டுத் திரியைப் பத்த வச்சேன். ஒருத்தன் போயிட்டான்." குரல் இறங்கிப் போயிற்று. "உங்கப்பா கல்யாணமே கட்டாத மனுஷன், தம்பி."

கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"உன்னைப் பெத்தவன் உயிரு இன்னும் என் கடன்தான்."