அர்த்தம் எதுக்கு?

நைஜீரியாவின் வார்ரி நகரில், எழுத்துக்கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தின் சாம்பியன் எடிரினுக்கு ஆங்கில அகராதியே மனப்பாடம். ஆனால் சொற்கள் மட்டும்தான். அர்த்தத்தின் பக்கம் அவர் போனதே இல்லை.

இறுதிப் போட்டி நெருங்க நெருங்க, பயிற்சியில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. போட்டியன்று காலை டாக்டரிடம் ஓடினார்.

“மூணு நாளா உக்காந்து உக்காந்து பாக்கறேன் டாக்டர், ஒண்ணுமே வரமாட்டேங்குது!”

“இதுக்குப் போய் பயப்படுவாங்களா? லேசா ஒரு அபீரியன்ட் தர்றேன். மூணு மாத்திரை, தினம் ஒண்ணு.”

அபீரியன்ட்! ஆங்கிலத்தில் எட்டெழுத்துச் சொல்லாயிற்றே! என்னவென்று கேட்டால் சாம்பியனுக்கு மரியாதையா? மூன்றையும் ஒரேயடியாக விழுங்கினார்.

மாலையில் எதிரே உட்கார்ந்தவள் தேஜிரி, அரசு மருத்துவமனை நர்ஸ். பின்தங்கியிருந்த எடிரினுக்குக் கடைசியில் அதே சொல்லுக்கான எழுத்துகள் வாய்த்தன. பலகையில் பரப்பிவிட்டுக் கடிகாரத்தைத் தட்டினார்.

“அர்த்தம் தெரியுமா சார்?”

“அர்த்தம் எதுக்கு? புள்ளி போதும். ஆனா இது தெரியும். மூளையைத் திறந்துவிடற மாத்திரை. காலையில மூணு போட்டேன், சொல்லு எப்படிக் கொட்டுது பாரு!”

தேஜிரி வாயைப் பொத்திக்கொண்டாள். “திறக்கும் சார், ஆனா மூளையை இல்ல. எங்க வார்டுல மலச்சிக்கலுக்குக் கொடுக்கறது. மூணா போட்டீங்க?”

எடிரினின் வயிற்றில் இடி உருண்டது.

தேஜிரி அவசரமாக ஒரு ஈரெழுத்துச் சொல்லை வைத்துக் கடிகாரத்தைத் தட்டினாள். “உங்க முறை சார்!”

மேஜையில் சாம்பியனின் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வாசலைத் தாண்டிச் சாம்பியனும்.